வலப்பக்கத்து நிலைக்கால்

மரவேலையில் ஒரு வசதி இருக்கிறது: நாம் பிழை விட்டால் மரம் வாய் திறக்காது, பார்க்க வருகிறவர்கள்தான் திறப்பார்கள்.

அறுபது கடந்த பிறகு உளியைக் கையில் எடுத்த அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். விரலில் பிளாஸ்டர், தலைமயிரில் மரத்தூள், வீட்டுக்காரியின் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. இந்த மூன்றும் உங்களுக்கும் இருக்கும். மற்றவர்களுக்கு நம் பாடு விளங்காது.

நான் இந்த வேலைக்குப் புதியவன் அல்ல. பத்தொன்பது வயதில் களுதாவளையில் ஓர் ஓடாவியிடம் இரண்டு வருடம் தச்சுவேலை பழகினேன். நாடு கிடந்த கிடையில் அதை விட்டுவிட்டு பஸ்ஸில் கொண்டக்டராக ஏறினேன். பிறகு கட்டாருக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஏசி பூட்டினேன். திரும்பி வந்து செங்கலடியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றேன். இந்த மூன்று தொழிலிலும் என்னை ஒருவரும் குறை சொன்னது கிடையாது. அதாவது, என் காதுபட.

கசந்த இடியப்பம்

நான் கடையை விட்டு நின்ற இரண்டாம் கிழமையே பூமணி வேலை தந்தாள். பூமணி என் மனைவி. பழைய இடியப்ப உரல் வெடித்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து தர ஏலுமா என்று கேட்டாள். ஏலுமாவா? வீட்டு வளவில் வெட்டிப்போட்ட வேப்பமரத் துண்டு ஒன்று நன்றாகக் காய்ந்து கிடந்தது. வேம்பு உறுதியான மரம், பூச்சி அரிக்காது. நாலு நாள் குந்தியிருந்து செதுக்கி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் இடியப்பமும் சொதியும். மகள் தர்சினிக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம்தான். மருமகன் சுதாகரன் பள்ளிக்கூட ஆசிரியர், மரியாதையான பிள்ளை, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். மூன்று இடியப்பத்தை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "மாமி, மாவுக்குள்ள வெந்தயம் போட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார். பூமணி ஒரு துண்டை வாயில் வைத்தாள். உரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் நாக்கில் ஏறியது. வேப்பங்காயைக் கடித்தால்கூட அவ்வளவு கசக்காது. அவள் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உரல எறிய வேணாம். சீனி வருத்தக்காரருக்கு வித்தா நல்லாப் போகும்."

ஐந்து பேர் வாங்கு

அடுத்து, மாமரத்தடியில் குந்தியிருக்க நீளமாக ஒரு வாங்கு செய்தேன். நாலு பேருக்கு அளவெடுத்துவிட்டு, ஐந்து பேருக்குப் பலகை வெட்டினேன். கொண்டக்டர் புத்தி, என்ன செய்ய? இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று நினைக்காமல் அந்த மூளைக்கு இருக்கத் தெரியாது. கால்களை மட்டும் நாலு பேருக்கு எடுத்த அளவிலேயே பூட்டிவிட்டேன். ஆகவே பலகை இரண்டு பக்கமும் கால்களைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

திறப்பு விழாவுக்குப் பக்கத்து வீட்டு அதிபர் சேர் வந்தார். பள்ளிக்கூடம் நடத்திப் பென்சன் எடுத்த மனிதர், நல்ல பாரம். அவர் பலகையின் ஒரு தொங்கலில், நான் மற்றத் தொங்கலில். பிளேன்டீ குடித்துக்கொண்டு அரைமணி நேரம் சந்தோசமாக இருந்தோம். பிறகு வெற்றுக் கோப்பைகளை வைக்க நான் எழும்பினேன். எழும்பியதுதான் தாமதம், என் பக்கம் ஆகாயத்துக்குப் போய், சேரின் பக்கம் நிலத்துக்குப் போய்விட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒன்றும் இல்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "நீங்க பழைய கொண்டக்டர்தானே, இறங்க முதல் ஒரு மணி அடிச்சிருக்கலாம்."

மரக்காலையில்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். நாங்களும் எங்கள் வளவிலேயே தர்சினிக்கு ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தோம். கல்லு என் கட்டார் உழைப்பு, ஓடு பூமணியின் சீட்டுக்காசு. முன்வாசல் நிலையை மட்டும் வெளியில் கொடுக்கமாட்டேன், என் கையால்தான் செய்வேன் என்று ஒரு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அறிவித்தேன். பூமணி, "இடியப்ப உரல மறந்திட்டீங்களா?" என்றாள். மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் செய்யவேண்டும் என்று நின்றேன். என் பிள்ளை கால் வைக்கிற வாசல், அதில் என் கை படவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஏறாவூரில் மரம் அறுத்து விற்கிற ஹனிபா காக்காவின் மரக்காலைக்குப் போனேன். காக்கா முதிரை மரத்தில் இரண்டு நீளச் சட்டம் எடுத்துத் தட்டிப் பார்த்து வைத்தார். "ஓடாவி ஆரு?" என்றார். நான்தான் என்றேன். தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிவப்பு பெயின்ட் தொட்டு இரண்டு சட்டத்திலும் ஒவ்வொரு முனையில் பூசினார். இது வேர்ப்பக்கம், மரம் காட்டில் நின்ற மாதிரியே வாசலிலும் அடி கீழே, தலை மேலே நிற்கவேண்டும், தலைகீழாக நட்டால் வீட்டுக்கு ஆகாது என்று விளக்கினார். எனக்குத் தெரியாதா என்ன, களுதாவளை ஓடாவியிடம் முதல் கிழமையே படித்தது அது. தலையை ஆட்டினேன். காக்காவுக்கு என் ஆட்டத்தில் நம்பிக்கை வரவில்லை. லொறியில் மரம் ஏற்றும்போதும் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "கதவு பிழைச்சா கதவ மாத்தலாம் தம்பி. நிலை பிழைச்சா ஊட்டுக்காரனத்தான் மாத்த வேண்டி வரும்."

கட்டார் சுத்தம்

கட்டாரில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேலை சுத்தமாக இருக்கவேண்டும். அங்கே காற்று போகிற ஒவ்வொரு குழாயிலும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்புக்குறி இல்லாத சாமானுக்குத் திசை கிடையாது. பதினான்கு வருடத்தில் என் மூளையும் அப்படியே பழகிவிட்டது.

சட்டத்தின் முனைகள் வெடித்து, பெயின்டும் பட்டு அசிங்கமாக இருந்தன. நாலு முனையையும் சதுரமாக வெட்டி எறிந்தேன். அடிப்பக்கம் கிணற்றைப் பார்த்துக் கிடக்கிறது என்று மனதில் எழுதிக்கொண்டேன். நாலு பக்கமும் சீவுளி போட்டேன். சீவல் சுருள் சுருளாக விழ, எனக்குப் பத்தொன்பது வயது திரும்பி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மழை. நானும் மருமகனும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இரண்டு சட்டத்தையும் கொட்டிலுக்குள் ஓட்டமாகக் கொண்டுபோய்ப் போட்டோம். மழை விட்ட பிறகு பார்த்தால் கொட்டிலுக்குள் கிணறு இல்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பிறகு, இதுதான் அடி என்று ஒரு நல்ல தைரியத்தில் முடிவு செய்தேன்.

நிலை வைக்கிற அன்று நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் ஒரு பொட்டுப் பொன்னும் போட்டு, தேங்காய் உடைத்து நிறுத்தினோம். தர்சினி தொட்டுக் கும்பிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மேசன் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "ஐயா, மயிரிழை விலகல்ல. தொழில் செய்ற ஓடாவிக்கும் இப்பிடி வராது."

குடிபூரல் அன்று

மகளின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஹனிபா காக்காவுக்கும் சொல்லியிருந்தேன். வந்தார். பாற்சோறு சாப்பிட்டார், பிள்ளைகளை வாழ்த்தினார். போகும்போது வாசலில் நின்று இடப்பக்கத்து நிலைக்காலைத் தடவினார். பிறகு வலப்பக்கத்தைத் தடவினார். தடவிய கை பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இடப்பக்கக் காலில் மரத்தின் வரிகள் கோபுரம் கோபுரமாக மேல்நோக்கிக் கூம்பியிருந்தன. வலப்பக்கக் காலில் அதே கோபுரங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் அந்த மரத்தோடு கட்டிப்புரண்ட எனக்கு இது தெரியவில்லை, அவருக்கு ஒரு தடவலில் தெரிந்துவிட்டது. உள்ளே நாதஸ்வர கசட் போய்க்கொண்டிருந்தது. காக்கா என் காதுக்குக் கிட்ட வந்தார்: "இந்தக் கால் தலையால நிக்குது தம்பி. நானும் சொல்லல்ல, நீங்களும் கேக்கல்ல."

பின்னால் மோட்டர், முன்னால் நான்

அன்பர்களே, நான் சகுனம் பார்க்கிற ஆள் அல்ல. பல்லி சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறவன். ஆனால் அன்றிலிருந்து மகள் வீட்டில் என்ன நடந்தாலும் என் கண் அந்த வலப்பக்கக் காலுக்குத்தான் போனது. குரங்கு வந்து கூரை ஓட்டை உடைத்தது, நான் நிலையைப் பார்த்தேன். பால் திரைந்தது, நிலையைப் பார்த்தேன். மருமகனுக்கு உன்னிச்சைப் பக்கம் இடமாற்றம் வந்தது. அவர் அதற்குச் சந்தோசப்பட்டார், வயல்காற்று நல்லது என்றார். நான் விடவில்லை, அதையும் நிலையின் தலையில்தான் போட்டேன். கழற்றித் திருப்பிவிடலாம் என்றால், ஏன் கழற்றுகிறாய் என்று கேட்பார்களே. மேசன் ஊர் முழுக்க என் புகழைப் பரப்பி வைத்திருந்தான். அந்தப் புகழை விட எனக்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும்.

ஒரு நாள் தண்ணி மோட்டர் எரிந்துவிட்டது. புகை மணக்க எல்லோரும் ஓடினோம். சுதாகரன் மெயினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், நான் மட்டும் முன்வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மனிதர் ஒன்றும் விளங்காமல் கேட்டார்: "மாமா, மோட்டர் பின்னால இரிக்கு. நீங்க என்னத்துக்கு முன்கதவப் பாக்கிறீங்க?"

ஸ்கேன்

தர்சினிக்கு வயிற்றில் பிள்ளை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. நான் தொட்டில் ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன். பூமணி, கடையில் நல்ல தொட்டில் இருக்கிறது என்றாள். நான் கோபிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்க ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து ஆட்டோவால் இறங்கும்போதே மகளின் முகம் சரியில்லை. வாசலில், அதே நிலையின் வலப்பக்கக் காலில் சாய்ந்து நின்றுகொண்டுதான் சொன்னாள்: "பிள்ள மாறி இரிக்காம் அப்பா. தலை கீழ வந்திருக்கோணுமாம், இது தலைய மேல வெச்சிக்கிட்டு நிக்குதாம்."

பூமணியின் தீர்ப்பு

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தலை மேலே நிற்கவேண்டிய மரத்தை நான் கீழே நட்டேன். தலை கீழே வரவேண்டிய பிள்ளை மேலே நிற்கிறது. மரத்தின் இடத்தைப் பிள்ளை எடுத்துக்கொண்டது, பிள்ளையின் இடத்தை மரம் எடுத்துக்கொண்டது. இது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். கட்டாரில் பதினான்கு வருடம் மெசின் பூட்டிய மூளைதான் இந்தக் கணக்கையும் போட்டது. எனக்குப் பயம். வேறு சொல் இல்லை.

அடுத்த நாள் காலையில் பூமணியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பெயின்ட், மழை, கொட்டில், காக்கா, எல்லாம். இன்றைக்கே மேசனைக் கூப்பிட்டு நிலையைக் கழற்றித் திருப்பி வைக்கிறேன் என்றேன். ஏச்சு விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் ஏசவில்லை. வாளியை மெல்ல நிலத்தில் வைத்தாள். தர்சினிக்குக் கேட்டிருக்குமோ என்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. செய்த பிழையும் ஆகாது, பிழையைத் திருத்துவதும் ஆகாது. களுதாவளைப் பிள்ளையாருக்கு நேத்திக்கடன் வைக்கிறேன், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ள பிறந்து துடக்குக் கழியிற வரைக்கும் உங்கட கை ஒரு சுத்தியலத் தொட்டுதெண்டு காணக்கூடா."

காக்காவிடம் ஆறுதல்

வீட்டில் பேச வழியில்லை. ஏறாவூருக்கு ஓடினேன். பரிகாரம் ஏதாவது இருக்கிறதா என்று காக்காவிடம் கேட்டேன். அவர் மரத்தூளைத் தட்டிவிட்டு என்னை இருக்கச் சொன்னார். அன்று அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அவர் பிறகு பல நாள் யோசித்தாராம். தன் மூத்த மகளும் கால் முந்தித்தான் பிறந்தாளாம், இப்போது மூன்று பிள்ளைக்குத் தாயாம். அந்த வீட்டு நிலை எப்படி நின்றது என்று கேட்டேன், என் புத்தி அப்படி. காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "அந்த நிலைய நான்தான் வெச்ச தம்பி, அது நேராத்தான் நிண்ட. நான் அல்லாஹ்கிட்ட துஆக் கேக்கிறன், நீங்க ஊட்ட போய் மகளுக்கிட்ட சிரிச்ச முகத்தோட இருங்க."

ஆஸ்பத்திரி வாங்கு

பிள்ளை திரும்பவில்லை. நாள் குறித்து, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்குத் தர்சினியை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஆட்ட மறந்துபோனேன்.

மருமகன் நடையில் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்தார். நான் சுவரோடு நின்றேன். இருக்கச் சொல்லிப் பூமணி இரண்டு தரம் கூப்பிட்டாள். இருக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, இனி உளியையே தொடமாட்டேன் என்று எந்தச் சாமி காதில் விழுகிறதோ அந்தச் சாமிக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன். கண்ணால் தண்ணி ஓடியது, துடைக்கவும் இல்லை. பூமணி எழும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் இருத்தினாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்தது அன்றுதான். மெல்லச் சொன்னாள்: "இருங்க. இந்த வாங்கு நீங்க செய்யல்ல, கவிழாது."

முப்பத்திரண்டாம் நாள்

பெண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். அழுத அழுகை நடைவரைக்கும் கேட்டது. நான் சாமிக்குச் சொன்னதைச் சாமி பெரிதாக எடுத்திருக்காது என்று முப்பத்தோராம் நாள் தலைமுழுகித் துடக்குக் கழித்ததும் முடிவு செய்தேன். அடுத்த நாள் விடியவே உளி, சுத்தியல், கடப்பாரை, முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு மகளின் வாசலுக்குப் போனேன். மேசனுக்கும் சொல்லி வைத்திருந்தேன். என் புகழ் போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளை அந்த வாசலால் நடக்க முதல் நிலை நேராக வேண்டும்.

தர்சினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "என்னப்பா, கதவில என்ன பிழை?" என்றாள். சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. "உனக்கெண்டு ஆசையாச் செஞ்சது மகள். நான் விட்ட பிழைதான் உன்ட வயித்தில போய்..." என்றதோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை. வலப்பக்கக் காலை மேலிருந்து கீழே பார்த்தாள், ஒரு கையால் தடவியும் பார்த்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இவளும்தான் அப்பா மாறி நிண்டு வந்தவள். இவளையும் கழட்டித் திருப்பி வைக்கப் போறீங்களா?"

மரவேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம் அன்பர்களே, எனக்கு அதில் பொழுது போனதைவிட உயிர் போய் வந்ததுதான் அதிகம்.